நன்றியுரை

மார்கழி முழுக்க ஒரு புண்ணைத் தேடினேன்.
ஒடுகத்தூர், அணைக்கட்டு, பேரணாம்பட்டு,
புல்லறுக்கப் போய்க் காய்ச்சலோடு வந்தவர்களின்
அக்குளில், மார்புக்குக் கீழே,
பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில்
பீடி சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு.
வலிக்காது. அரிக்காது.
இருப்பது இருப்பவருக்கே தெரியாது.
திரையை இழுத்துவிட்டு, கையைத் தேய்த்துச் சூடாக்கி
"பாக்கட்டுமா அக்கா" என்று கேட்டால்தான் கிடைக்கும்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
ரத்தக் குழாய்களை மூன்றாம் மாடியில்
சுகிர்தா வாங்கி வைப்பாள்.
நுண்ணுயிரியல், என் ஆண்டுதான்.
இரவு இரண்டு மணிக்குத் தட்டில் மஞ்சள் எழும்பும்போது
போன் வரும்:
"நிறைமதி, உன் பதினேழாம் நம்பர் பாசிட்டிவ்டி."
அதைவிடக் காதலாக
யாரும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

ஆய்வேடு முடிந்துவிட்டது. நன்றியுரை மட்டும் பாக்கி.
டீனுக்கு. துறைத்தலைவருக்கு. அப்பா அம்மாவுக்கு.
நோயாளிகளுக்கு, வழக்கம்போலக் கடைசியில்.
ஜெகதீசன் தன் மனைவிக்கு அரைப்பக்கம் எழுதியிருக்கிறான்.
அவள் ஒரு குழாயைக்கூடத் தொட்டதில்லை, பாவம்.
காத்திருந்தாள். அதுவும் வேலைதான்.

எழுதுவது ஆங்கிலத்தில், அழிப்பது தமிழில்.
ரூம்மேட்:
சத்துவாச்சாரி வீட்டுக்காரருக்குச் சொன்ன சொல்.
சக ஆய்வாளர்:
அவளே சிரிப்பாள்.
தோழி:
நல்ல சொல். ஆனால் பழைய பாட்டுகளில் தோழி
தலைவிக்காகப் பேசுகிறவள்,
தாயிடம் பொய் சொல்கிறவள்,
கதவுக்கு வெளியே பனியில் நிற்கிறவள்.
எங்கள் வீட்டில் வெளியே நிற்க ஆள் இல்லை.
இரண்டு பேரும் உள்ளேதான் இருக்கிறோம்.

அந்தப் பாட்டுகளுக்கு ஒரு விதி உண்டு,
காதலிப்பவர் பெயரைச் சொல்லக்கூடாது.
ஆய்வுக்கு நேரெதிர் விதி,
உழைத்தவர் பெயரை விடக்கூடாது.

படிப்பு முடிந்தால் கவுன்சிலிங், உதவிப் பேராசிரியர் இடம்.
கணவன் மனைவி என்றால்
ஒரே ஊர் கேட்கப் படிவத்தில் கட்டம் இருக்கிறது.
எனக்கு வேலூர், அவளுக்குத் தேனி என்று விழுந்தால்
காட்பாடியில் ரயிலேற்றிவிட்டு
ஷேர் ஆட்டோவில் திரும்பிவர வேண்டியதுதான்.
வார்டில் மறுநாள் எட்டு மணிக்கு
"என்னம்மா, இன்னும் வரன் பாக்கலையா" என்பார்கள்.
நான் ஈரல் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று சொல்வேன்.
மூன்று வருடமாக அப்படித்தான்.
ஈரல் எனக்கு நிறையக் கைகொடுத்திருக்கிறது.

கடைசியில் வெறுமனே எழுதினேன்:
சுகிர்தாவுக்கு.
உறவும் இல்லை, காரணமும் இல்லை.

வரைவு திரும்பி வந்தபோது
மங்கையர்க்கரசி மேடம் அந்தப் பெயரைச் சுற்றி
சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.
வயிற்றில் ஒரு கல் இறங்கியது.
ஓரத்தில் பொடி எழுத்தில்:
இனிஷியல் எங்கே?
கேட்டது அவ்வளவுதானா,
எல்லாம் தெரிந்துதான் கேட்டாரா.
அடுத்த பக்கத்தில் நான்காம் அட்டவணையில்
ஒரு தசமப்புள்ளியைத் தள்ளி வைத்திருந்தார்.

ஆபீசர்ஸ் லைனில் பைண்டிங் கடை.
கறுப்பு ரெக்சின், தங்க எழுத்து, பசை வாசனை.
வாசலில் ஸ்கேன் கவர்களோடு ஒரு வங்காளக் குடும்பம்
லாட்ஜுக்கு வழி கேட்டது.
கலீல் பாய் கை காட்டிவிட்டு, திரையில் பக்கத்தைத் திறந்தார்.
"இந்தப் பேருக்கு என்ன இனிஷியல்மா?"

அவள் அப்பா சாமுவேல்.
எஸ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
ஜெகதீசன் மனைவியும்
கல்யாணத்தோடு எழுத்து மாற்றிக்கொண்டவள்தானே.

"என்" என்றேன்.

தட்டினார். உதடு அசையப் படித்துப் பார்த்தார்:
என். சுகிர்தா.
"சரியா இருக்காம்மா?"
சரியா இருக்கு பாய்.
நாலு காப்பி. ஒண்ணு லைப்ரரிக்கு.